ஒன்ராறியோவில் கோ-ஒப்: புதிதாக வந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு வழிகாட்டி

ஒன்ராறியோவில் 10ஆம் வகுப்புப் பிள்ளை அடுத்த ஆண்டுப் பாடங்களைத் தெரிவுசெய்ய உட்காரும்போது, அந்தப் பட்டியலில் கோ-ஒப் என்று ஒரு வரி இருக்கும். பாடசாலை நேரத்தில் ஒரு வேலைத்தலத்துக்குப் போய் வேலை பழகி, அதற்குக் கிரெடிட்டும், அதாவது சான்றிதழுக்கு எண்ணப்படும் பாட அலகும், வாங்கும் ஏற்பாடு அது. நம் குடும்பங்களில் பல அந்த வரியை வாசிக்காமலே தாண்டிப் போய்விடுகின்றன. படிப்பு ஓடாத பிள்ளைகளுக்குத்தான் அது என்று யாரோ ஒரு சித்தப்பா சொல்லியிருப்பார். அல்லது, சம்பளமும் இல்லாமல் இன்னொருவருடைய கடையில் நிற்பதற்கா பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறோம் என்று கேள்வி எழும்.

இரண்டும் தப்புக் கணக்கு. பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படித்து, மாணவர் கடனும் எடுத்து, வேலைக்குப் போன முதல் மாதத்தில் "இது எனக்குச் சரிவராது" என்று அறிவதற்கு என்ன விலை என்று யோசித்துப் பாருங்கள். அதே விஷயத்தை 16 வயதில், ஓர் அரையாண்டில், கல்விக் கட்டணம் எதுவும் இல்லாமல் அறிய முடியும். ஒரு தொழில் பிடிக்கும் என்று தெரிவது நல்லது; பிடிக்காது என்று நேரத்தோடு தெரிவது அதைவிட நல்லது என்பது என் கட்சி. கீழே சொல்வதெல்லாம் அந்தக் கட்சியில் நின்றுகொண்டு சொல்வதுதான்.

முதலில் கிரெடிட் கணக்கு

ஒன்ராறியோ உயர்நிலைப் பாடசாலைச் சான்றிதழுக்கு 30 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் என்பது 110 மணித்தியாலம். கோ-ஒப்புக்கும் இதே அளவுதான். அரைநாள் கோ-ஒப் எடுத்தால் ஓர் அரையாண்டில் இரண்டு கிரெடிட், முழுநாள் எடுத்தால் நான்கு. கட்டாயப் பாடங்களின் இடத்தில் கோ-ஒப் கிரெடிட் இரண்டு வரை கணக்கிட இடமுண்டு. எந்தப் பாடத்தின் இடத்தில் என்பதை வழிகாட்டல் ஆலோசகரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் நாளே வேலைத்தலத்துக்கு அனுப்பிவிட மாட்டார்கள். தொடக்கத்தில் சில வாரம் வகுப்பறையில்தான். வேலைத்தலப் பாதுகாப்பு, தொழிலாளர் உரிமை, இரகசியம் காத்தல், நேர்முகத் தேர்வு எல்லாம் அங்கே சொல்லித் தருவார்கள். பிறகு இடைக்கிடை வகுப்புக்குத் திரும்பி வரவேண்டிய நாட்களும் உண்டு. கோ-ஒப் ஆசிரியர் வேலைத்தலத்துக்கு வந்து பார்ப்பார். மேற்பார்வையாளரின் மதிப்பீட்டையும் உங்கள் நாட்குறிப்பையும் வைத்துப் புள்ளி போடுவார். ஆகவே அதுவும் ஒரு பாடம்தான். ஓய்வு நேரம் அன்று.

ஒரு பொறி இருக்கிறது. சான்றிதழுக்கு 40 மணித்தியாலச் சமூக சேவை தனியாகத் தேவை. கோ-ஒப் மணித்தியாலங்களை அதில் சேர்க்க முடியாது. சம்பளத்துக்கு வேலை செய்த நேரத்தையும் சேர்க்க முடியாது. 12ஆம் வகுப்பின் கடைசி மாதத்தில் இதை அறிந்து நூலகத்துக்கும் கோயிலுக்கும் ஓடும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

எப்போது எடுப்பது

இந்தப் படியில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். ஒன்ராறியோப் பல்கலைக்கழகங்களுக்கு உயர்நிலைப் பாடசாலை மாணவர் விண்ணப்பிக்கும் கெடு ஜனவரி நடுப்பகுதி. கல்லூரிகளில் பெப்ரவரி 1 வரை வரும் விண்ணப்பங்கள் எல்லாம் சமமாகக் கவனிக்கப்படும். 12ஆம் வகுப்பின் முதல் அரையாண்டில் கோ-ஒப் எடுத்தால் அது ஜனவரி கடைசியில் முடியும். அதாவது விண்ணப்பம் போன பிறகுதான் "இது எனக்கு வேண்டாம்" என்று முழுதாகத் தெரியவரும். இரண்டாம் அரையாண்டில் எடுத்தால் இன்னும் மோசம்.

என்னைக் கேட்டால், 11ஆம் வகுப்பின் இரண்டாம் அரையாண்டே சரியான காலம். பெப்ரவரியில் தொடங்கி ஜூனில் முடியும். அதன்பின் ஒரு கோடைகாலம் யோசிக்கக் கிடைக்கும். செப்டெம்பரில் 12ஆம் வகுப்புப் பாடங்களை மாற்றவும் அவகாசம் இருக்கும். பல்கலைக்கழகம் போக நினைப்பவர்களுக்கு 12ஆம் வகுப்பில் ஆறு பல்கலைக்கழக நிலைப் பாடங்கள் தேவை. அந்த ஆறில் கோ-ஒப் புள்ளி பொதுவாகச் சேராது. 12ஆம் வகுப்பை அந்த ஆறுக்கு விட்டுவைப்பது புத்தி. 11ஆம் வகுப்பில் நேர அட்டவணை இடம் கொடாவிட்டால், பல பாடசாலைச் சபைகள் கோடைகாலத்திலும் கோ-ஒப் நடத்துகின்றன. அதைக் கேளுங்கள்.

பாடத் தெரிவு நடப்பது முந்தைய குளிர்காலத்தில். பல சபைகளில் மைபுளூபிரிண்ட் என்ற இணையத் தளத்தில் பதிவு செய்யவேண்டும். பதிவு செய்தால் மட்டும் போதாது. கோ-ஒப் ஆசிரியர் உங்களை அழைத்துப் பேசித்தான் சேர்ப்பார். பாடசாலைக்கு ஒழுங்காக வருகிறீர்களா என்பதைத்தான் அவர் முதலில் பார்ப்பார். புள்ளி குறைந்த பிள்ளையை மன்னிப்பார்; காலையில் பிந்தி வரும் பிள்ளையை மன்னிக்க மாட்டார்.

இடம் தேடுதல்

பாடசாலையிடம் வேலைத்தலப் பட்டியல் இருக்கும். நீங்களாகவும் ஓர் இடம் கொண்டுவரலாம், ஆனால் ஆசிரியர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அப்பாவின் கடை, மாமாவின் கணக்கியல் அலுவலகம் என்று போக நினைக்காதீர்கள். உறவினரே மேற்பார்வையாளராக இருப்பதைச் சபைகள் பொதுவாக விரும்புவதில்லை. அவர்கள் விரும்பினாலும் நான் விரும்பமாட்டேன்: சித்தப்பா உங்களுக்கு உண்மையைச் சொல்லமாட்டார்.

இடத்தைப் பதவியின் பெயரை வைத்துத் தேடாமல் வேலையின் தன்மையை வைத்துத் தேடுங்கள். "எனக்கு மருத்துவராக வேண்டும்" என்ற பிள்ளைக்கு 16 வயதில் சத்திரசிகிச்சை அறையில் இடம் கிடைக்காது. ஆனால் உடற்பயிற்சிச் சிகிச்சை நிலையம், மருந்தகம், முதியோர் பராமரிப்பு இல்லம், பல் மருத்துவர் அலுவலகம் ஆகியவற்றில் கிடைக்கும். நோயில் வாடும் ஒருவர் பக்கத்தில் நாள் முழுவதும் நிற்க உங்களால் முடியுமா என்பதை முதியோர் இல்லமே சொல்லிவிடும். பொறியியல் என்றால் ஓர் இயந்திரப் பட்டறை போதும். சட்டம் என்றால் ஒரு சட்ட அலுவலகத்தின் கோப்பு அறை. ஆசிரியத் தொழில் என்றால் பக்கத்து ஆரம்பப் பாடசாலை.

மருத்துவமனையும் முதியோர் இல்லமும் தடுப்பூசிப் பதிவும் காசநோய்ப் பரிசோதனையும் கேட்கும். காசநோய்ப் பரிசோதனை இரண்டு கட்டமாக நடந்தால் வாரக்கணக்கில் இழுக்கும். ஊரில் போட்ட ஊசிகளின் அட்டை கையில் இல்லையென்றால் இன்னும் இழுக்கும். அந்த வழியில் போவதானால் இடம் உறுதியாகும் முன்பே குடும்ப மருத்துவரிடம் நேரம் எடுத்துவிடுங்கள்.

வயதெல்லையும் உண்டு. அலுவலகம், கடை போன்ற இடங்களில் 14 வயது, தொழிற்சாலையில் 15, கட்டட வேலைத்தலத்தில் 16 நிரம்பியிருக்க வேண்டும்.

தன்விவரக் குறிப்பும் நேர்முகமும்

ஒரு பக்கம் போதும். ஊர் வழக்கப்படி புகைப்படம், பிறந்த திகதி, மதம், தந்தையின் தொழில் எல்லாம் போடாதீர்கள். இங்கே கேட்கவும் மாட்டார்கள், கேட்கவும் கூடாது. உறுதி சொல்பவர்களாக ஆசிரியரையோ தொண்டு வேலை செய்த இடத்தின் பொறுப்பாளரையோ போடுங்கள்.

எழுத ஒன்றும் இல்லை என்று பிள்ளைகள் சொல்வதை நான் நம்புவதில்லை. அம்மம்மாவோடு மருத்துவரிடம் போய் மொழிபெயர்த்திருக்கிறீர்களா? தம்பி தங்கையைப் பாடசாலையில் சேர்க்கப் படிவம் நிரப்பினீர்களா? கோயில் திருவிழாவில் அன்னதான வரிசையை ஒழுங்குபடுத்தினீர்களா? அதை வேலை மொழியில் எழுதுங்கள். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் தமிழ் வாடிக்கையாளர் வந்து போகும் ஒரு மருந்தகத்துக்கோ வங்கிக் கிளைக்கோ தமிழ் பேசும் மாணவர் என்பது இரண்டாவது வரியிலேயே இருக்கவேண்டிய தகுதி. பலர் அதைக் கடைசி வரியில் வெட்கத்தோடு போடுகிறார்கள்.

நேர்முகத்தில் இரண்டு சங்கடங்கள் நம் பிள்ளைகளுக்கு மட்டும் உண்டு. ஒன்று, பெரியவர் பேசும்போது தலை குனிவது. நமக்கு அது மரியாதை. இங்கே உள்ளவர் அக்கறையில்லை என்று எடுத்துக்கொள்வார். முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். மற்றது, அப்பாவின் வயதுள்ளவரை முதற்பெயர் சொல்லிக் கூப்பிடுவது. முதல் வாரம் வாய் வராது. அவர் எப்படித் தன்னை அறிமுகப்படுத்தினாரோ அப்படியே கூப்பிடுங்கள். பெயரைத் தவிர்ப்பதற்காக ஆளையே கூப்பிடாமல் நின்று, கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்காமல் விடுவதுதான் கெடுதல்.

கையெழுத்துக்கு முன் வேலை இல்லை

வேலைக் கல்வி உடன்படிக்கை என்ற படிவம் ஒன்று உண்டு. மாணவர், பெற்றோர், வேலைத்தலம், பாடசாலை எல்லோரும் அதில் ஒப்பமிடவேண்டும். சம்பளமில்லாத கோ-ஒப்பில் காயம் பட்டால் வேலைத்தலப் பாதுகாப்புக் காப்புறுதிச் சபையின் இழப்பீடு கிடைப்பது இந்தப் படிவத்தால்தான். கல்வி அமைச்சு அந்தக் காப்புறுதிக்குப் பொறுப்பேற்கிறது. "நாளைக்கே வந்துவிடு, படிவம் பிறகு பார்ப்போம்" என்று யார் சொன்னாலும் போகாதீர்கள்.

ஒன்ராறியோவின் தொழிற்பாதுகாப்புச் சட்டம் சம்பளமில்லாத கோ-ஒப் மாணவருக்கும் பொருந்தும். ஆபத்துகளை அறியும் உரிமை, பாதுகாப்பு விடயங்களில் பங்குகொள்ளும் உரிமை, ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை என்று மூன்று உரிமைகள் உண்டு. மூன்றாவது நம் வீட்டில் பழக்கப்படாதது. "சொன்னதைச் செய்" என்று வளர்த்த பிள்ளை, காவல் மூடி கழற்றிய இயந்திரத்தில் கை வைக்கச் சொன்னாலும் வைத்துவிடும். பெற்றோரே, முதல் நாளுக்கு முன் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்: பயமாக இருந்தால் மறுக்கலாம், மறுத்துவிட்டு ஆசிரியரைக் கூப்பிடலாம், வீட்டில் யாரும் ஏசமாட்டோம்.

கராஜ், பட்டறை, கட்டட வேலை என்றால் இரும்பு முனைச் சப்பாத்து வேண்டும். சி.எஸ்.ஏ. என்ற கனடியத் தரச் சின்னத்துடன் பச்சை முக்கோணம் உள்ளதைப் பார்த்து வாங்குங்கள். வாங்கும் முன் ஆசிரியரிடம் கேளுங்கள். சில பாடசாலைகளில் இரவலாகக் கொடுப்பார்கள்.

குடியேற்ற நிலை தற்காலிகமாக இருக்கும் குடும்பங்கள், பிள்ளை தொடங்கும் முன் அனுமதி விடயத்தைப் பாடசாலையிடமும் குடியேற்ற ஆலோசகரிடமும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம்.

வேலைத்தலத்தில் எதைப் பார்ப்பது

ஒரு மருந்தகத்தை எடுத்துக்கொள்வோம். "மருந்தாளர் ஆகவேண்டும்" என்று போன பிள்ளைக்கு முதல் வாரம் என்ன கிடைக்கும்? தட்டுகளில் உள்ள இருமல் மருந்துகளை முன்னுக்கு இழுத்து அடுக்குவது. காலாவதித் திகதி பார்த்துப் பழையதை ஒதுக்குவது. பெட்டி பிரிப்பது. வந்தவரை வரவேற்று எங்கே நிற்பது என்று காட்டுவது. இரண்டாம் வாரம் வீட்டுக்கு வந்து "இது கடை வேலை" என்று முறையிடும்.

அப்போது பிள்ளை பார்க்கவேண்டியது தன் கையிலுள்ள வேலையை அன்று, உயர்ந்த மேசைக்குப் பின்னால் நிற்பவருடைய வேலையை. மருந்தாளர் ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு நேரம் மருந்தோடு இருக்கிறார், எவ்வளவு நேரம் காப்புறுதிக் கம்பனியோடு தொலைபேசியில் இருக்கிறார்? ஒரு முதியவர் ஒரே கேள்வியை மூன்றாம் தடவை கேட்கும்போது அவர் முகம் எப்படி இருக்கிறது? மாலை ஆறு மணிக்கு வரிசை நீண்டு தொலைபேசியும் அடிக்கும்போது, கையிலுள்ள மருந்தை மீண்டும் சரிபார்க்க அவசரமின்றி நிற்கிறாரே, அந்தப் பொறுமை உங்களிடம் இருக்கிறதா? அதே மேசையில் நிற்கும் மருந்தகத் தொழில்நுட்பவியலாளர் கல்லூரியில் இரண்டு வருடம் படித்தவர். மருந்தாளரோ பல்கலைக்கழகத்தில் குறைந்தது இரண்டு வருடம் படித்தபின் இன்னும் நான்கு வருடம் படித்தவர். இருவருடைய நாளும் எங்கே ஒன்றுபடுகிறது, எங்கே பிரிகிறது என்று எந்தக் கையேட்டிலும் வாசித்து அறிய முடியாது. பக்கத்தில் நின்றால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

மருந்தகத்தில் இன்னொரு பாடமும் உண்டு. அடுத்த தெரு மாமி என்ன மருந்து எடுக்கிறார் என்பது உங்கள் கண்ணில் படும். வீட்டில் அம்மா, "இன்றைக்கு யார் யார் வந்தார்கள்?" என்று ஆசையாகக் கேட்பார். பதில் சொல்லக்கூடாது. நோயாளரின் விபரம் வெளியே போவது சட்டப்படி குற்றம். அம்மாவிடம்கூட வாயை மூடிக்கொண்டிருக்க முடிகிறதா என்பதும் இந்தத் தொழிலுக்கான ஒரு தகுதிதான்.

ஆசிரியருக்குக் கொடுக்கும் வாராந்தக் குறிப்பை "இன்று நிறையக் கற்றேன்" என்று முடித்துவிடாதீர்கள். தனியாக ஒரு கொப்பி வைத்து, தமிழிலோ கலந்தோ, வெட்கமில்லாமல் எழுதுங்கள். எந்த வேலை செய்யும்போது மணிக்கூட்டைப் பார்க்க மறந்தீர்கள்? எதைச் செய்யும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்தீர்கள்? அந்தக் கட்டடத்தில் யாருடைய கதிரை உங்களுக்கு வேண்டும்? பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக்குப் போன ஒருவருக்குக் குழந்தைகளைவிட அவர்களின் வரவுப் பதிவை ஒழுங்கு செய்வதே பிடித்திருந்தால், அதையும் எழுதவேண்டும். திசை பெரும்பாலும் இப்படிப் பக்கவாட்டில்தான் தென்படுகிறது.

நடுப்பகுதியில் மேற்பார்வையாளரிடம் பத்து நிமிடம் கேளுங்கள். என்ன படித்தார், எந்தப் பாடம் பயன்பட்டது, மீண்டும் 17 வயதானால் இதே வேலைக்கு வருவாரா. கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும் முன் அவர் யோசிக்கும் நேரமும் பதிலின் ஒரு பகுதி.

இடம் உண்மையிலேயே கெட்டது என்றால், அதாவது யாரும் எதுவும் சொல்லித் தராமல் தரை கூட்ட மட்டும் வைத்திருந்தால், இரண்டாம் வாரமே ஆசிரியரிடம் சொல்லுங்கள். தொடக்கத்தில் இடம் மாற்றலாம். பாதி வழியில் மாற்றினால் மணித்தியாலம் குறைந்து கிரெடிட் ஆபத்தில் விழும். சலிப்பு வேறு, புறக்கணிப்பு வேறு. சலிப்பான வேலையும் அந்தத் தொழிலின் பகுதிதான். அதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

கைத்தொழில் பக்கம்

"கராஜில் நிற்கவா கனடாவுக்கு வந்தோம்?" என்ற கேள்வி பல வீடுகளில் இன்னும் கேட்கிறது. மின்னியலாளரையோ குழாய் வேலை செய்பவரையோ ஒரு தடவை வீட்டுக்கு அழைத்து விலைப்பட்டியல் வாங்கியவர்கள் அப்படிக் கேட்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

11, 12ஆம் வகுப்பு மாணவருக்கு ஒன்ராறியோ இளையோர் தொழிற்பயிலுநர் திட்டம் இருக்கிறது. சுருக்கமாக ஓயாப் என்பார்கள். கோ-ஒப் வழியாகவே அதில் சேர்ந்து ஒரு கைத்தொழிலில் பழகலாம். முறைப்படி பயிலுநராகப் பதிவு செய்தால், பாடசாலைக் காலத்தில் செய்த மணித்தியாலங்களும் பயிற்சிக் கணக்கில் சேரும். கட்டட மின்னியலாளருக்கு மொத்தம் ஏறக்குறைய 9,000 மணித்தியாலம் தேவை. அதில் சில நூறை உயர்நிலைப் பாடசாலையிலேயே கழித்துவிடலாம். மின்னியலாளர், குழாய் வேலை, வாகனத் திருத்துநர், சிகையலங்காரம் ஆகியன உரிமம் இல்லாமல் செய்யமுடியாத தொழில்கள். 2022 முதல் இவற்றை ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோ என்ற அமைப்பு கவனிக்கிறது. இதோடு, ஒரு துறையை மையமாக வைத்துக் கோ-ஒப்பும் முதலுதவி போன்ற சான்றிதழ்களும் சேர்ந்து வரும் சிறப்புத் திறன் திட்டம் ஒன்றும் பல பாடசாலைகளில் உண்டு. அதை முடித்தவரின் சான்றிதழில் சிவப்பு முத்திரை ஒட்டப்படும்.

சம்பள வேலை

கோ-ஒப்புக்குப் பெரும்பாலும் சம்பளம் இல்லை. பாடசாலைச் சபை ஏற்பாடு செய்த கோ-ஒப்புக்குக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் பொருந்தாது. வீட்டுச் செலவுக்குப் பிள்ளையின் காசு தேவைப்படும் குடும்பங்கள் இதை முதலிலேயே கணக்கில் எடுக்கவேண்டும். அரைநாள் கோ-ஒப்பும், வார இறுதியில் சம்பள வேலையும் என்பது தாங்கக்கூடிய ஏற்பாடு. முழுநாள் கோ-ஒப்போடு தினமும் இரவு வேலையும் தாங்காது.

சம்பள வேலைக்குச் சின் எனப்படும் சமூகக் காப்புறுதி இலக்கம் வேண்டும். சேர்விஸ் கனடா என்ற அரச சேவை அலுவலகத்தில் அது இலவசம். யாரும் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். 18 வயதுக்குக் குறைந்த, பாடசாலை நாட்களில் வாரம் 28 மணித்தியாலத்துக்கு மேற்படாமல் வேலை செய்யும் மாணவருக்கு ஒன்ராறியோவின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஒக்டோபர் 1 முதல் மணிக்கு 16.60 டொலர், மற்றவர்களுக்கு 17.60. ஒக்டோபரில் இது மாறுவது வழக்கம். "பழகும் வரை சம்பளம் இல்லை" என்று எந்தக் கடை சொன்னாலும் அது சட்டவிரோதம், சொல்பவர் நம் ஊர்க்காரராக இருந்தாலும். வரி பிடித்திருந்தால் வசந்தத்தில் வரிப் பத்திரம் தாக்கல் செய்யுங்கள். இந்த அளவு வருமானத்தில் பெரும்பாலும் அது திரும்பி வரும்.

15 முதல் 30 வயது வரையானோருக்குக் கனடா கோடைகால வேலைத் திட்டமும் இருக்கிறது. குடியுரிமை, நிரந்தர வதிவிடம், அல்லது அகதிப் பாதுகாப்பு உள்ளவருக்கே அது. கோ-ஒப்பில் எந்தத் துறை பிடித்ததோ அதே துறையில் கோடைகால வேலை தேடினால் இரண்டாம் சோதனையும் நடந்துவிடும்.

முடியும் தறுவாயில்

கடைசி வாரத்துக்கு முந்தைய வாரம் மேற்பார்வையாளரிடம் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். கடைசி நாளில் கேட்டால் எழுதமாட்டார்கள், எழுதினாலும் இரண்டு வரிதான். நீங்கள் செய்த மூன்று நான்கு வேலைகளைக் குறித்துக் கொடுத்தால் அவருக்கு எழுத இலகு. பிறகு நன்றிக் கடிதம், கையால் எழுதியது.

கொப்பியை எடுத்துக்கொண்டு வழிகாட்டல் ஆலோசகரிடம் போங்கள். 12ஆம் வகுப்புக்குத் தெரிவுசெய்த பாடங்களில் எது இனித் தேவை, எது வேண்டாம் என்று அந்தக் கொப்பியை வைத்துப் பேசுங்கள். வேலைத்தலத்தோடு சேர்ந்த படிப்புப் பிடித்துவிட்டால் அதே முறையில் பல்கலைக்கழகமும் படிக்கலாம். வாட்டர்லூப் பல்கலைக்கழகம் 1957இல் தொடங்கியதே கோ-ஒப் முறையில்தான். ஸ்காபரோவிலுள்ள ரொறன்ரோப் பல்கலைக்கழக வளாகத்திலும் அது உண்டு. வேலை அனுபவத்தை விண்ணப்பத்தில் எழுதக் கேட்கும் கற்கைநெறிகளுக்கு இந்தக் கொப்பிதான் மூலப்பொருள்.

"பிடிக்கவில்லை" என்று பிள்ளை வந்து சொன்னால், பெற்றோர் முதலில் கேட்கவேண்டியது "ஏன்?" என்பதை அன்று, "எந்தப் பகுதி?" என்பதை. இரத்தம் பார்க்க முடியவில்லை என்றால் தாதித் தொழில் வேண்டாம். ஆனால் ஆய்வுகூடமும் மருத்துவமனை நிர்வாகமும் இன்னும் மேசையில் இருக்கின்றன. மனிதரோடு பேசிக்கொண்டே இருப்பதுதான் களைப்பு என்றால் கதவு வேறு பக்கம் திறக்கவேண்டும். அந்த உரையாடலுக்குக் கோடை விடுமுறை போதும். பாடமாற்றப் படிவத்தை மட்டும் செப்டெம்பர் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். இரசாயனவியலும் கணிதமும் சீக்கிரம் நிரம்பிவிடும்.